பயோடீசல் ஆலைக்கு செக்லிஸ்ட் போதுமா, ஹேசாப் வேண்டுமா?

கேள்வி இதுதான். பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கும் ஆலையில் ஒருவர் உற்பத்திப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறார். அடுத்த கட்டமாக அதே வளாகத்தில் எத்தனால் பிரிவும் வரப்போகிறது. செயல்முறை ஆபத்துப் பகுப்பாய்வு செய்து முடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கான முறைகளில் ஒன்று ஹேசாப்: ஆலையைப் பகுதி பகுதியாக எடுத்து, எங்கே என்ன தவறலாம் என்று ஒரு குழு உட்கார்ந்து ஆராய்வது. மேலே இருப்பவர்களோ, "தாவர எண்ணெய்தானே, பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை மாதிரி ஹேசாப் எல்லாம் எதற்கு? ஒரு செக்லிஸ்ட் போதும்" என்கிறார்களாம். போதுமா, போதாதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

போதாது. ஏன் போதாது என்பது புரிந்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவது என்பதும் தானாகவே தெரிந்துவிடும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'உயிரி' என்ற சொல்லே நம் கவனத்தைத் திசை திருப்பிவிடுகிறது. பயோடீசல் எளிதில் மக்கும், நஞ்சு குறைவு, ஃபிளாஷ் பாயின்ட் (தீப்பொறி பட்டால் ஆவி பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) 100 டிகிரி செல்சியஸுக்கு மேல். எல்லாம் உண்மை. ஐரோப்பியத் தரமான இஎன் 14214, ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தது 101 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் இந்த எண் லாரியில் ஏறிப் போகும் பொருளுக்கு உரியது. அந்த நிலைக்கு வந்து சேரும் வரை அது ஆலைக்குள், எண்ணெயைப் பயோடீசலாக்கச் சேர்க்கும் மெத்தனால் என்ற ஆல்கஹாலோடுதான் புழங்குகிறது. மெத்தனாலின் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் 11 டிகிரி. அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றக் காத்திருக்கும் திரவம். வினை முடிந்த பயோடீசலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மெத்தனால் மிஞ்சியிருந்தாலும் அதன் ஃபிளாஷ் பாயின்ட் சரசரவென்று இறங்கிவிடும். அந்தத் தரத்தில் மெத்தனாலுக்கு 0.2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

மெத்தனாலைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. பயோடீசல் ஆலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெட்ரோல் தொட்டியில் திரவத்துக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் ஆவி மிக அடர்த்தியாக இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் எரியும். மூடிய தொட்டிக்குள் அந்த அளவைத் தாண்டிவிடுவதால் வழக்கமான வெப்பநிலையில் உள்ளே தீ பரவாது. மெத்தனால் அப்படி இல்லை. அதன் எரியும் எல்லை 6 முதல் 36 சதவீதம். 20 டிகிரியில் மெத்தனால் தொட்டியின் மேல்வெளியில் ஆவி நிறைந்து நின்றால் அது சுமார் 13 சதவீதம் இருக்கும். மெத்தனால் காற்றோடு மிகச் சரியான விகிதத்தில் கலந்து முழுமையாக எரியும் அளவு 12.3 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிக இதமான ஒரு நாளில், யாரும் எந்தத் தவறும் செய்யாதபோது, தொட்டியின் மேல்வெளி மிகக் கடுமையாக வெடிக்கக்கூடிய கலவைக்கு அருகிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 11 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை இதே கதைதான். எத்தனாலும் கிட்டத்தட்ட இப்படித்தான்: எரியும் எல்லை 3.3 முதல் 19 சதவீதம், 20 டிகிரியில் மேல்வெளியில் ஆறு சதவீதத்தை ஒட்டி.

ஆகவே தொட்டிக்கு நைட்ரஜன் போர்வை (மேல்வெளியில் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்பி வைப்பது) இருக்கிறதா, இருந்தால் அது தீர்ந்துபோனால் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியை முதல் நாளிலேயே கேட்க வேண்டும். வென்ட் எனும் ஆவிபோக்கி வழியாகத் தீ உள்ளே போகாமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டர் இருக்கிறது என்ற பதில் மட்டும் போதாது. 2006 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டேட்டோனா பீச்சில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மெத்தனால் தொட்டி வெடித்தது. தொட்டிக்கு மேலே இருந்த, சேதமடைந்த உலோகக் கூரையைத் தொழிலாளர்கள் கேஸ் கட்டரால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் வென்ட் வழியாக வந்த ஆவி பற்றிக்கொண்டது. தீ வென்ட் வழியே உள்ளே திரும்பியது. அதைத் தடுக்க வேண்டிய ஃபிளேம் அரெஸ்டர் அங்கே இருந்தது. ஆனால் அதன் உள்தகடுகள் அலுமினியம். மெத்தனால் அவற்றை அரித்துவிட்டிருந்தது. தொட்டி வெடித்ததும் பிளாஸ்டிக் குழாய்கள் உடைந்து உள்ளே இருந்த மெத்தனால் கொட்டியது. இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் படுகாயமடைந்தார். செக்லிஸ்டில் 'ஃபிளேம் அரெஸ்டர் உள்ளதா?' என்று கேட்டிருந்தால் 'ஆம்' என்று டிக் விழுந்திருக்கும். அது என்ன உலோகம், கடைசியாகக் கழற்றிப் பார்த்தது எப்போது என்று கேட்க உட்கார்ந்து யோசிக்கும் ஒரு குழு தேவைப்படுகிறது. செக்லிஸ்ட் போதாது என்று நான் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஆலையின் குழாய்கள், கலன்கள், கருவிகள் எல்லாவற்றையும் காட்டும் பி அண்ட் ஐடி வரைபடத்தின் ஒரு பிரதியை எடுங்கள். சிவப்புப் பேனாவால் மெத்தனால் போகும் பாதை முழுவதையும் வரையுங்கள். பெரும்பாலானவர்கள் மெத்தனால் தொட்டி, பம்பு, ரியாக்டர், மீட்புக் கோபுரம் என்று வரைந்து பேனாவை வைத்துவிடுவார்கள். அங்கேதான் பாதி வேலை பாக்கி இருக்கிறது. ரியாக்டரிலிருந்து துணைப்பொருளாகப் பிரியும் கிளிசரினில் மெத்தனால் கணிசமாகப் போகிறது. கழுவும் தண்ணீரில் போகிறது. அந்தத் தண்ணீர் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகிறது. பயோடீசலைச் சேமிக்கும் இடைநிலைத் தொட்டியில் இருக்கிறது. வடிகால் சாக்கடையில் இருக்கிறது. ஆய்வகத்தில் மாதிரி கொட்டும் வாளியில் இருக்கிறது. முக்கால் பங்கு தண்ணீர் கலந்த மெத்தனாலும் பற்றி எரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

கிளிசரின் தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு ஒரு நேரடி அனுபவம் உண்டு. ஓர் ஆலையில் சுற்றிப் பார்க்கும்போது கிளிசரின் தொட்டியின் மேல் மூடியில் ஒரு பிராக்கெட்டை வெல்டிங் செய்ய ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஹாட் ஒர்க் பெர்மிட் (வெல்டிங் போன்ற தீப்பொறி வேலைக்கான அனுமதிச் சீட்டு) முறையாக எழுதப்பட்டிருந்தது. பொருள் என்ற கட்டத்தில் 'கிளிசரின், எளிதில் தீப்பற்றாதது' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. தூய கிளிசரினுக்கு அது சரி, அதன் ஃபிளாஷ் பாயின்ட் 160 டிகிரிக்கு மேல். ஆனால் அந்தத் தொட்டியில் இருந்தது மெத்தனால் மீட்கப்படாத கச்சா கிளிசரின். கேஸ் டிடெக்டரை மூடியின் திறப்பில் பிடித்ததும் அது உச்ச அளவைக் காட்டி அலறியது. ஏணியில் பாதி ஏறியிருந்த பையன் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். அன்று யாரையும் திட்டத் தோன்றவில்லை. பெர்மிட் எழுதியவர் தனக்குச் சொல்லித் தரப்பட்டதை எழுதியிருக்கிறார். அந்தத் தொட்டிக்கு 'கிளிசரின்' என்று பெயர் வைத்தவர்கள் செய்த தவறு அது. இப்போது எங்கே போனாலும் தொட்டியின் பெயர்ப்பலகையை 'கிளிசரின் – மெத்தனால் கலவை' என்று மாற்றச் சொல்கிறேன். செலவில்லாத பரிந்துரை.

அதே கிளிசரினை நடுநிலையாக்க அமிலம் சேர்ப்பார்கள். அந்த வினை வெப்பத்தை வெளியிடும். மெத்தனாலை முன்பே எடுத்திருக்காவிட்டால் அந்த வெப்பத்தில் மெத்தனால் கொதித்து வென்ட் வழியாக வெளியே வரும். அமிலம் சேர்க்கும் வேகம், கலக்கி ஓடுகிறதா, எந்த வரிசையில் எது சேர்க்கப்படுகிறது என்பதெல்லாம் இங்கே ஹேசாப்பின் கேள்விகள்.

இப்போது ஹேசாப் என்றால் என்ன என்று ஒரு பத்தியில். 1960களில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் உருவான முறை இது. பிறகு ஐஇசி 61882 என்ற சர்வதேசத் தரமாகவும் வந்தது. ஆலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வடிவமைப்பின் நோக்கம் என்ன என்று எழுதி, ஓட்டம், வெப்பநிலை, அழுத்தம், அளவு, கலவை ஒவ்வொன்றோடும் 'இல்லை', 'அதிகம்', 'குறைவு', 'தலைகீழ்', 'வேறு ஏதோ' போன்ற வழிகாட்டிச் சொற்களைச் சேர்த்துப் பார்ப்பது. பேட்ச் முறையில், அதாவது தொடர்ச்சியாக இல்லாமல் தொகுதி தொகுதியாக ஓடும் ஆலையில் 'முன்னதாக', 'தாமதமாக' ஆகிய இரண்டும் கட்டாயம். கேட்கும்போது சலிப்பூட்டும் வேலையாகத் தெரியும். சரியான ஆட்கள் உட்கார்ந்தால் சலிக்காது.

ஒரு பகுதியை எடுத்து நடத்திக் காட்டுகிறேன். எண்ணெய் உலர்த்தும் இடத்திலிருந்து ரியாக்டர் வரை. எண்ணெயில் ஈரம் இருந்தால் சோப்பு உண்டாகும் என்பதால் வெற்றிடத்தில் 110 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உலர்த்துகிறார்கள். பிறகு ஒரு கூலர் வழியாக 60 டிகிரிக்குக் குளிர்வித்து ரியாக்டருக்கு அனுப்புகிறார்கள். ரியாக்டரில் மெத்தனாலும், வினையூக்கியான சோடியம் மெத்தாக்சைடும் காத்திருக்கின்றன. நோக்கம்: 60 டிகிரி எண்ணெய். வழிகாட்டிச் சொல்: வெப்பநிலை, அதிகம்.

இதே பகுதியை நான் நடத்திய ஓர் அமர்வில் எடுத்தபோது, அறையில் இருந்த கருவியியல் பொறியாளர் உடனே சொன்ன காரணம், கூலரின் கட்டுப்பாட்டு வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொள்வது. குளிர்நீர் பம்பு நிற்பது இரண்டாவது. விளைவு என்ன? மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி. 100 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்றரை மடங்கு. சூடான எண்ணெய் மெத்தனாலோடு கலந்ததும் மெத்தனால் பொங்கி ஆவியாகும், ரியாக்டரில் அழுத்தம் ஏறும். இந்த ரியாக்டர் அந்த அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதல்ல.

இந்த இடத்தில் அமர்வின் குறிப்பை எழுதுபவர் 'பாதுகாப்பு: ஹை டெம்பரேச்சர் அலாரம், ரிலீஃப் வால்வு' என்று அடித்து அடுத்த வரிக்குப் போகத் தயாரானார். மூலையில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம், "அண்ணே, இந்த லைனில் எப்போதாவது எண்ணெய் சூடாகவே போயிருக்கிறதா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "குளிர் அதிகமான நாளில் எண்ணெய் ரொம்ப ஆறிப்போய்விடும் சார். ரியாக்ஷன் இழுத்துக்கொண்டே போகும். அப்போது கூலர் பைபாஸைக் கால்வாசி திறந்து வைப்போம். விடிந்ததும் மூடிவிடுவோம்."

"மூட மறந்தால்?"

"மறந்திருக்கிறோம் சார். ஒரு தடவை ரியாக்டர் மேலே சத்தம் வந்தது."

எண்ணெயைக் கூலருக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் அந்த பைபாஸ் வால்வு வரைபடத்தில் இருந்தது, எப்போதும் மூடியிருக்கும் என்ற குறியோடு. அது திறந்திருக்கும் இரவுகளைப் பற்றி எந்த ஆவணமும் இல்லை. ஆபரேட்டர் வராத ஹேசாப்பை நான் ஹேசாப் என்று ஏற்பதில்லை. அவரை வரச் சொல்வது மட்டும் போதாது. மேலாளர் அறையில் இருந்தால் அவர் பேசமாட்டார் என்றால், மேலாளரைப் பணிவாக வெளியே போகச் சொல்லுங்கள். ஆபரேட்டர் சொன்னதற்காக அவர் மேல் யாரும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும்.

இனி அந்தப் 'பாதுகாப்பு' வரியைத் தோண்டிப் பார்ப்போம். இதற்கு லோபா என்ற முறை உதவும். பாதுகாப்பு அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, எத்தனை தடவை அழைத்தால் ஒரு தடவை கைவிடும் என்று எண் கொடுப்பது. கட்டுப்பாட்டு வளையம் ஒன்று பழுதாவது பத்து ஆண்டுக்கு ஒரு முறை என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. சரி, அலாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். கூலரைக் கட்டுப்படுத்தும் அதே வெப்பநிலை உணரியிலிருந்து வருகிறது. உணரி தவறாகக் குறைத்துக் காட்டினால் வால்வும் மூடிக்கொள்ளும், அலாரமும் வாயைத் திறக்காது. ஆகவே அதற்கு மதிப்பு பூஜ்யம். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் ரிலீஃப் வால்வுக்கு வழக்கமாக நூறில் ஒன்று என்று மதிப்புக் கொடுக்கலாம். ஆனால் இது எந்த நிலைமைக்காக அளவெடுக்கப்பட்டது? கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தால், வெளியே தீப்பிடித்தால் எழும் ஆவிக்கு மட்டும். சோப்பும் எண்ணெயும் கலந்த ரியாக்டர் பொங்கும்போது ஆவி தனியாக வராது, நுரையும் திரவமும் சேர்ந்து வரும். அதற்கு அந்த வால்வு சின்னது. அதற்கும் மதிப்பு பூஜ்யம். பாதுகாப்பு இரண்டு என்று எழுதியிருந்த இடத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. பத்து ஆண்டுக்கு ஒரு முறை என்ற எண் அப்படியே ரியாக்டர் வாசலில் வந்து நிற்கிறது.

ஓர் உயிரிழப்பு நேரக்கூடிய சம்பவத்துக்குப் பல நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை, ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து லட்சத்தில் ஒன்று வரை. அதை எட்ட என்ன செய்யலாம்? எண்ணெய் லைனில் தனி உணரி, தனி லாஜிக், தனி வால்வு கொண்டு ஒரு டிரிப், அதாவது தானாக நிறுத்தும் ஏற்பாடு. 65 டிகிரிக்கு முன்பே எண்ணெயை நிறுத்திவிடும். அது சில் 1 தரத்தில் (இத்தகைய ஏற்பாடு எவ்வளவு நம்பகமானது என்பதற்கான படிநிலைகளில் முதலாவது) இருந்தால் பத்து மடங்கு குறையும். ரிலீஃப் வால்வைப் பொங்கும் நுரைக்கும் சேர்த்து அளவெடுத்து மாற்றி, அதன் வாய் ஆட்கள் நடமாடாத பாதுகாப்பான இடத்துக்குப் போனால் இன்னும் நூறு மடங்கு. இப்போது பத்தாயிரத்தில் ஒன்று. லட்சத்தில் ஒன்று வேண்டுமென்றால் டிரிப்பை சில் 2 ஆக்க வேண்டும். இந்த டிரிப்பின் இன்னொரு நன்மை, எண்ணெய் சூடானது வால்வு சிக்கியதாலா, பைபாஸ் திறந்திருந்ததாலா என்று அது பார்ப்பதில்லை. எதுவானாலும் நிறுத்தும். ஆனாலும் பைபாஸுக்குப் பூட்டுப் போடுங்கள். அதைவிட முக்கியமாக, குளிர் நாளில் எண்ணெய் ஆறிப்போவதற்கு ஒரு நேர்மையான தீர்வு கொடுங்கள். இல்லாவிட்டால் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பது சீக்கிரமே எல்லா ஷிஃப்டுக்கும் தெரிந்துவிடும்.

ரியாக்டரில் இன்னொரு கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்: கலக்கி நின்றால்? எண்ணெயும் மெத்தனாலும் தாமாகக் கலப்பதில்லை. மெத்தனால் எடை குறைவானது, மேலே மிதக்கும். கலக்கி நின்ற பிறகும் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தால் வினையாகாத பொருள் சேர்ந்துகொண்டே போகும். யாரோ வந்து கலக்கியை மறுபடி போடும்போது எல்லாம் ஒரே நேரத்தில் வினையாகும். இந்த வினை பெரிய வெப்பம் தருவதல்ல. சில ரசாயன வினைகளைப் போலக் கட்டுமீறி ஓடாது. ஆனால் கொதிநிலைக்கு நாலைந்து டிகிரி கீழே வைத்து ஓட்டும் ரியாக்டருக்கு லேசான வெப்பமே போதும். கலக்கியின் மோட்டார் ஓடுகிறது என்ற சிக்னலை மட்டும் நம்பாதீர்கள். தண்டு உடைந்தாலும் மோட்டார் ஓடும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைப் பாருங்கள்.

சோடியம் மெத்தாக்சைடு பெரும்பாலும் மெத்தனாலில் 25 அல்லது 30 சதவீதக் கரைசலாக வரும். இது ஒரே நேரத்தில் எரியும், அரிக்கும், நஞ்சு. தண்ணீர் பட்டால் சூடாகிக் காஸ்டிக் சோடாவாகவும் மெத்தனாலாகவும் மாறும். ஹோஸ் கழற்றும் இடத்தில் கண் கழுவும் குழாய் எத்தனை எட்டு தூரம் என்று நடந்து பாருங்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது என்பதையும், சாதாரண நுரை அதன் மேல் உடைந்துபோகும், ஆல்கஹால் தாங்கும் நுரைதான் வேண்டும் என்பதையும் தீயணைப்புக் குழுவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எத்தனால் பிரிவுக்கு வருவோம். அங்கே எல்லோரும் வடிகோபுரத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் அதிகம் பயப்படுவது நொதிகலனைப் பார்த்துத்தான். சர்க்கரை எத்தனாலாகும்போது கிட்டத்தட்ட அதே எடைக்குக் கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு, குழிகளிலும் பள்ளங்களிலும் தேங்கும். காற்றில் 4 சதவீதம் இருந்தாலே உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டது. இதற்குப் பல ஆலைகளில் ஆக்சிஜன் மீட்டர் கொடுத்து அனுப்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தால் ஆக்சிஜன் 20.9இலிருந்து ஏறத்தாழ 20.1க்குத்தான் இறங்கும். மீட்டர் 19.5இல்தான் அலறும். அது அலறுவதற்குள் கார்பன் டை ஆக்சைடு 6 சதவீதத்தையும் தாண்டியிருக்கும். கார்பன் டை ஆக்சைடுக்கென்றே தனி மீட்டர் வேண்டும். இந்த ஒரு வரிக்காக அமர்வில் வாதாட வேண்டிவந்தால் தயங்காமல் வாதாடுங்கள்.

நொதிகலனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காலியான பிறகு உள்ளே கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். கழுவுவதற்குக் காஸ்டிக் கரைசலைத் தெளிக்கிறார்கள். காஸ்டிக் அந்த வாயுவை உறிஞ்சிவிடும். உள்ளே இருக்கும் வாயுவில் ஒரு சதவீதம் காணாமல் போய், அதற்கு ஈடாகக் காற்று உள்ளே வராவிட்டால் அழுத்தம் 10 மில்லிபார் குறைகிறது. மெல்லிய தகட்டால் கட்டிய பெரிய தொட்டிகள் தாங்கும் வெற்றிடம் பெரும்பாலும் சில மில்லிபார்தான். காஸ்டிக் ஒரு சதவீதத்தோடு நிற்காது. அலுமினியக் குவளையைக் கையால் நசுக்கியது போலத் தொட்டி உள்ளே ஒடுங்கிவிடும். வெற்றிட வால்வு இருக்கிறது, அதன் அளவு என்ன கணக்கில் போட்டது? பம்பு திரவத்தை வெளியேற்றும் வேகத்துக்கா, காஸ்டிக் வாயுவை உறிஞ்சும் வேகத்துக்கா? அதில் நுரை ஏறிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சூடான கழுவலுக்குப் பிறகு குளிர்ந்த தண்ணீர் தெளித்தாலும் இதே நிலைதான், அங்கே நீராவி சுருங்குகிறது. சாதாரணமாக ஓடும்போது என்ன ஆகும் என்று மட்டும் கேட்கும் ஹேசாப்பில் இது வரவே வராது. 'கழுவும் நிலை' என்று தனிப் பகுதி எடுத்தால்தான் வரும்.

தானியத்திலிருந்து எத்தனால் எடுப்பதாக இருந்தால் மாவுத் தூசு. 2017 மே 31 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரியா என்ற ஊரில் சோளம் அரைக்கும் ஆலை ஒன்று தூசு வெடிப்பில் நொறுங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். புகையும் வாசனை வருகிறதே என்று எங்கிருந்து வருகிறது எனத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது. 'புகை வாசனை வந்தால் யார் என்ன செய்ய வேண்டும்? தேடப் போக வேண்டுமா, எல்லாவற்றையும் நிறுத்தி வெளியேற வேண்டுமா?' என்ற கேள்விக்கு உங்கள் ஆலையில் எழுத்தில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். வடிகழிவுத் தானியத்தை உலர்த்தும் டிரையருக்கும் இதே கேள்வி.

பயோகேஸ் கலன் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. வாசனை போய்விட்டது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல. கலனுக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி, அவரும் விழுந்து, இப்படி ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் போன துயரம் பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. மீட்கும் ஏற்பாடு, கயிறு, முக்காலி, சுவாசக் கருவி எல்லாம் வாசலில் தயாராக இல்லாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

கேள்வி கேட்டவரின் ஆலையில் இல்லை என்றாலும், எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்துப் புதுப்பிக்கத்தக்க டீசல் எடுக்கும் ஆலைகளைப் பற்றி ஒரு சொல். அது முழுக்க முழுக்க சுத்திகரிப்பு ஆலை ஆபத்துதான்: உயர் அழுத்த ஹைட்ரஜன், சூளை, கட்டுமீறி ஏறக்கூடிய வெப்பம். தாவர எண்ணெயில் உள்ள ஆக்சிஜனை நீக்கும்போது கச்சா எண்ணெய்ப் பொருட்களைவிட அதிக வெப்பமும் வரும், கூடவே தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் வந்து குழாய்களை அரிக்கும். 2023 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மார்ட்டினெஸில், பெட்ரோலியத்திலிருந்து உயிரி எரிபொருளுக்கு மாற்றப்பட்ட ஓர் ஆலையில் சூளைக் குழாய் அதிகச் சூட்டில் வெடித்துத் தீப்பிடித்தது. சூளைக்கு அருகில் பர்னரைக் கையால் சரிசெய்துகொண்டிருந்த ஊழியர் கடும் தீக்காயமடைந்தார். ஆலையைத் தொடங்கும் கட்டத்தில் நடந்தது அது. ஆபத்தான நேரத்தில் ஆபத்தான இடத்துக்கு ஆளை அனுப்பித்தான் சரிசெய்ய முடியும் என்றால், அந்த வடிவமைப்பை ஹேசாப் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

திரவத்தையும் வாயுவையும் பார்த்துவிட்டுத் திடப்பொருளை மறந்துவிடுவார்கள். எண்ணெயைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய பிளீச்சிங் மண் (அழுக்கை உறிஞ்சும் களிமண்) ஃபில்டரிலிருந்து சூடாக, எண்ணெய் ஊறி வெளியே வரும். அதைக் குவியலாகக் கொட்டினால் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடாகும். குவியலின் நடுவில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சில மணி நேரத்தில் தானாகவே புகைய ஆரம்பிக்கும். எண்ணெய் துடைத்த பழைய துணி மூட்டையும், எண்ணெய் ஊறிய குழாய் இன்சுலேஷனும் அப்படித்தான். தீப்பொறியே தேவையில்லை. இந்தக் குவியல் மெத்தனால் தொட்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் கொட்டப்படுகிறது என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்த முறை எங்கே என்றால் என் பரிந்துரை இது. ரியாக்டர், மெத்தனால் மீட்பு, மெத்தாக்சைடு, கிளிசரின் அமிலமாக்கல், நொதிகலன், எத்தனால் உலர்த்தல் ஆகியவற்றுக்கு முழு ஹேசாப். கொதிகலன், குளிர்நீர், எண்ணெய் இறக்கும் இடம் போன்றவற்றுக்கு 'இப்படி ஆனால் என்ன' என்று கேட்கும் எளிய முறை போதும். ஆனால் மின்சாரமும் காற்றழுத்தமும் மொத்தமாகப் போனால் ஒவ்வொரு வால்வும் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தனியாக எடுங்கள். உயிரிழப்பு வரை போகக்கூடியவற்றுக்கு மட்டும் லோபா. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். மதியத்துக்குப் பிறகு களைத்த குழு எல்லாவற்றுக்கும் 'போதுமான பாதுகாப்பு உள்ளது' என்றே எழுதும். தொடங்குதல், நிறுத்துதல், கழுவுதல், பழுதுபார்க்கத் திறத்தல் ஆகிய நான்கையும் தனித்தனிப் பகுதிகளாக வையுங்கள். நேரம் போதாதென்றால் சீரான ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்த நான்கைக் குறைக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் ஆலைக்கே உரிய ஒன்று. பயன்படுத்திய எண்ணெய் ஒவ்வொரு லாரியிலும் வேறு வேறாக வரும். அமிலத்தன்மை ஏறும், தண்ணீர் கூடும். அதற்காக உற்பத்திப் பிரிவு அமில முன்வினையைக் கூட்டும், வெப்பத்தைக் கூட்டும், மெத்தனாலைக் கூட்டும். இந்த மாற்றம் எதுவும், ஆலையில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே ஆராய்ந்து அனுமதி பெற வைத்திருக்கும் மாற்ற மேலாண்மைப் படிவத்துக்கு வராது, ஏனென்றால் எந்தக் குழாயும் மாறவில்லை. எந்த எல்லைக்குள் அமில எண்ணும் ஈரமும் இருந்தால் இந்த ஹேசாப் செல்லும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அதைத் தாண்டிய லாரி வந்தால் ஆய்வகத்தில் மாதிரி பார்ப்பவருக்கு அதை இறக்காமல் நிறுத்தும் அதிகாரம் வேண்டும். முதல் அமர்வுக்கு ஆபரேட்டரோடு அவரையும் கூப்பிடுங்கள்.